கழற்ற மறந்த சீட்டு

கம்ப்யூட்டர் உலகத்திலும் நல்ல துப்பறியும் கதைகள் உண்டு. பிணமும் ரத்தமும் இருக்காது, அவ்வளவுதான். ஒரு ஃபைலின் கடைசியில் எட்டு பைட் மாறிப்போயிருக்கும். யார் மாற்றியது, எப்படி மாற்றினார், உள்ளே நுழையச் சாவி ஏது என்பதுதான் கேள்வி. இந்த வாரம் அப்படி ஒரு கதை. நிஜமாக நடந்தது.

ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் சிஎம்ஃபார்ஆல் என்று ஒரு கம்பெனி. மற்றவர்களின் வெப்சைட்டுகளை நடத்திக்கொடுக்கும் தொழில். 2021 ஏப்ரல் 29ம் தேதி அவர்களுக்கு ஒரு புகார் வந்தது. வெப்சைட்டுக்கு யார் யார் எப்போது வந்து போனார்கள் என்று சர்வர் ஒரு பதிவேடு எழுதும். லாக் ஃபைல் என்பார்கள். அதைச் சுருக்கி வைத்திருப்பார்கள். வேண்டுமென்கிறவர் டவுன்லோட் செய்து விரித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாடிக்கையாளருக்கு அது விரியவில்லை.

மாக்ஸ் கெல்லர்மன் என்கிற புரோகிராமர் அதை எடுத்துப் பார்த்தார். உள்ளே விவரமெல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு எண் மட்டும் தப்பு. மளிகைக்கடை பில்லில் பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் சரியாக எழுதி, அடியில் கூட்டுத்தொகை மட்டும் உளறலாக இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஏதோ ராத்திரி வேலை பாதியில் நின்றிருக்கும் என்று நினைத்தார். எண்ணைக் கையால் திருத்தி, புகாரை முடித்துவைத்துவிட்டு மறந்துபோனார். நம்மில் பெரும்பாலோர் செய்வதும் அதுதான்.

சில மாதங்கள் கழித்து மறுபடி அதே புகார். பிறகு இன்னொன்று.

ஒரு தடவை நடந்தால் விபத்து. மூன்று தடவை நடந்தால் யாரோ செய்கிறார்கள் என்று அர்த்தம். கெல்லர்மன் எல்லா லாக் ஃபைல்களையும் சோதித்துப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினார். மூன்று மாதக் காலத்தில் 37 ஃபைல்கள் கெட்டிருந்தன, 22 வெவ்வேறு நாட்களில். எந்த நாட்களில் அதிகம் என்று பார்த்தால் மாதக் கடைசி. நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31. மாதக் கடைசியில் கெடுவதற்கு ஃபைல் என்ன நம் வீட்டு பட்ஜெட்டா?

இன்னொரு விசித்திரம். எதற்கும் இருக்கட்டும் என்று இதே பதிவேட்டை இரண்டாவது சர்வரிலும் எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை.

அடுத்து, கெட்டுப்போன எட்டு பைட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். எல்லா ஃபைலிலும் ஒரே எட்டு பைட்! முதல் இரண்டும் ஆங்கில எழுத்துகள்: பி, கே.

இந்த பி.கே. யார் என்று கம்ப்யூட்டர்காரர்களுக்குத் தெரியும். ஃபில் காட்ஸ். ஜிப் என்கிற ஃபைல் சுருக்கும் முறையை உருவாக்கிய அமெரிக்கர். 2000ம் ஆண்டு, 37 வயதிலேயே இறந்துபோனவர். உலகத்தில் நாம் அனுப்பும் ஒவ்வொரு ஜிப் ஃபைலுக்குள்ளும் அவருடைய இனிஷியல் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது. ஜிப் ஃபைலின் கடைசியில் 'உள்ளே என்னென்ன இருக்கிறது' என்று ஒரு பொருளடக்கம் வரும். அந்தப் பொருளடக்கத்தின் முதல் எட்டு பைட்தான் இங்கே கிடைத்த கைரேகை.

இப்போது ஆள் கிட்டத்தட்ட அகப்பட்டுவிட்டான். விண்டோஸ் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்காக, ஒரு மாத லாக் ஃைபல்களைச் சேர்த்து ஒரே ஜிப்பாகக் கொடுக்கும் சேவை ஒன்று முதல் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசி நாளின் ஃபைலைச் சேர்த்த கையோடு பொருளடக்கத்தை எழுதும். அதனால்தான் மாதக் கடைசி. இரண்டாவது சர்வரில் இந்த வேலை கிடையாது. அதனால்தான் அங்கே கெடவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். அந்த ஜிப் புரோகிராமுக்கு லாக் ஃபைல்களைப் படிக்க மட்டும்தான் அனுமதி. எழுத அனுமதியே கிடையாது. பூட்டிய வீட்டில் கொலை!

மெமரி சிப் பழுதா? டிஸ்க் பழுதா? பழுதான சிப்புக்கு ஃபில் காட்ஸின் இனிஷியலை எழுதத் தெரியாது. தன் புரோகிராமில் தப்பா? திரும்பத் திரும்பப் படித்தார். இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்: கெர்னல்.

கெர்னல் என்றால் என்ன? பத்திரப்பதிவு ஆபீஸ் போயிருப்பீர்கள். வெளியே கவுன்ட்டரில் நாம் நிற்கிறோம். உள்ளே ரிக்கார்டு ரூம் இருக்கிறது. நாம் உள்ளே போக முடியாது. அங்கே இருப்பவர்தான் எந்தப் பத்திரத்தை யாருக்குக் காட்டலாம், யார் திருத்தலாம் என்று பார்த்து எடுத்துக்கொடுப்பார். கம்ப்யூட்டரிலும் எல்லா புரோகிராமும் கவுன்ட்டருக்கு வெளியேதான். டிஸ்க், மெமரி, நெட்வொர்க் எல்லாம் உள்ளே இருக்கும் கெர்னலின் கையில். லினக்ஸ் கெர்னல் உலகத்தின் பெரும்பாலான சர்வர்களில் ஓடுகிறது. உங்கள் ஆண்ட்ராய்ட் போனிலும் அதுதான்.

அப்பேர்ப்பட்ட கெர்னலில் தப்பு என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். கணக்கு டேலி ஆகாதபோது வாய்ப்பாடே தப்பு என்று சொல்கிற மாதிரி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை தப்பு நம் பக்கம்தான் இருக்கும். கெல்லர்மனும் இதைக் கடைசி வழியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

சோதித்துப் பார்க்க இரண்டு குட்டி புரோகிராம் எழுதினார். முதலாவது, ஒரு ஃபைலில் 'ஏ' என்ற எழுத்தை எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, அந்த ஃபைலைப் படித்து ஒரு பைப்புக்குள் அனுப்பிவிட்டு, பிறகு அதே பைப்புக்குள் 'பி' என்று எழுதும். இரண்டாவதற்கு ஃபைலில் எழுதும் அனுமதி கிடையாது. ஓடவிட்டார். ஃபைலுக்குள் 'பி' முளைத்தது.

அன்று தேதி 2022 பிப்ரவரி 19. முதல் புகார் வந்து கிட்டத்தட்டப் பத்து மாதம்.

உள்ளே நடந்தது என்ன? பதிவு ஆபீஸுக்கே திரும்பப் போவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை.

பைப் என்பது ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமுக்குத் தகவல் அனுப்பும் குழாய். குழாய் என்று பெயரே தவிர, உள்ளே இருப்பது வழக்கமாகப் பதினாறு பரீட்சை அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு தாள். ஒரு தாளில் 4096 பைட் எழுதலாம். முதல் அட்டை, இரண்டாவது அட்டை என்று பதினாறும் முடிந்தால் மறுபடி முதல் அட்டைக்கு வருவார்கள். சுற்றிச் சுற்றிப் பயன்படும்.

ஒருவர் நாலு வரி எழுதுகிறார், தாளில் மிச்ச இடம் நிறைய இருக்கிறது. அடுத்து வருகிறவர் புதுத் தாள் எடுப்பானேன்? அதனால் அட்டையில் ஒரு சீட்டு செருகி வைப்பார்கள்: 'இதே தாளில் தொடர்ந்து எழுதலாம்.' சிக்கனமான ஏற்பாடு.

இன்னொரு சிக்கனமும் உண்டு. ஒரு ஃபைலை யாராவது படிக்கக் கேட்டால், கெர்னல் அதை டிஸ்கிலிருந்து எடுத்து மெமரியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அடுத்து யார் கேட்டாலும் அந்தப் பிரதியைத்தான் காட்டும். பேஜ் கேஷ் என்று பெயர். இந்த ஃபைலைப் பைப்பில் அனுப்ப வேண்டுமானால் அதற்காக இன்னொரு பிரதி எடுப்பதில்லை. ரிக்கார்டு ரூம் பிரதியையே நேராக அட்டையில் செருகிவிடுவார்கள். ஸ்ப்ளைஸ் என்பது இந்த வித்தை. நேரம் மிச்சம், வேலை மிச்சம். கெல்லர்மனின் ஜிப் சேவையும் இதைத்தான் பயன்படுத்தியது.

இந்த இரண்டு சிக்கனமும் சந்திக்கும் இடத்தில்தான் விபத்து. அட்டை ஒரு சுற்று முடிந்து திரும்ப வருகிறது. பழைய தாளை எடுத்துவிட்டார்கள். 'தொடர்ந்து எழுதலாம்' என்ற சீட்டை எடுக்கவில்லை. அதன் மேல் ரிக்கார்டு ரூம் பிரதியைச் செருகிவிட்டார்கள். அடுத்து வருகிறவர் சீட்டைப் பார்க்கிறார். எழுதலாம் என்று இருக்கிறது. எழுதுகிறார். உங்கள் பாட்டனார் பத்திரத்தின் மேலேயே!

யாரும் அனுமதி கேட்கவில்லையா என்பீர்கள். ஃபைலில் எழுதினால்தானே அனுமதி பார்ப்பார்கள்? இவர் எழுதுவது பைப்பில். பைப்பில் எழுத அவருக்கு உரிமை இருக்கிறது. ஃபைலின் நீளம் மட்டும் இந்த வழியில் கூடாது. அதனால்தான் ஜிப் பொருளடக்கத்தில் முதல் எட்டு பைட் மட்டும் லாக் ஃபைலுக்குள் விழுந்தது. மிச்சம் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மாறியது மெமரியில் இருக்கும் பிரதி. அது மாறியதென்று கெர்னலுக்கே தெரியாது. எனவே டிஸ்கில் திருப்பி எழுதாது. வேறு ஏதாவது காரணத்துக்காக அந்தப் பக்கம் டிஸ்குக்குப் போனால்தான் மாற்றம் நிலைக்கும். இல்லாவிட்டால் மெஷினை அணைத்துப் போட்டதும் பழையபடி சரியாகிவிடும். 'ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்று நம் ஊர் சர்வீஸ் பையன்கள் சொல்லும் சர்வரோக நிவாரணி இங்கே நிஜமாகவே வேலை செய்திருக்கும். கூடவே தடயத்தையும் அழித்திருக்கும்.

இந்தத் தப்பு எப்போது நுழைந்தது? லினக்ஸில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு உண்டு. 4.19 என்ற பழைய பதிப்பில் இந்தக் கோளாறு இல்லை, 5.10ல் இருக்கிறது. நடுவில் 1,85,011 மாற்றங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுசு போதாது. அகராதியில் வார்த்தை தேடுகிற மாதிரி தேட வேண்டும். நடுவில் பிரித்து, தப்பு முன்பாதியிலா பின்பாதியிலா என்று பார். அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரி. பதினேழே தடவையில் அந்த ஒரு மாற்றம் அகப்பட்டுவிட்டது.

அதில்தான் எனக்குப் பிடித்த திருப்பம் இருக்கிறது. சீட்டைக் கழற்ற மறந்தது 2016ல், 4.9 பதிப்பில். ஆனால் அப்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஏனென்றால் அன்றைக்கு 'தொடர்ந்து எழுதலாம்' என்ற அனுமதி சீட்டில் எழுதப்படவே இல்லை. தாள் எந்த வகை என்று பார்த்து முடிவு செய்தார்கள். சீட்டில் இருந்ததெல்லாம் சாதாரண விஷயங்கள். 2020ல், 5.8 பதிப்பில், வேறொருவர் இந்தப் பகுதியைச் சுத்தம் செய்தார். தாள் வகையெல்லாம் எதற்கு, ஒரு சீட்டு வைத்துவிட்டால் போதுமே என்று எளிமையாக்கினார். நல்ல நோக்கம், நல்ல வேலை. அந்த மாற்றத்தை மட்டும் தனியாகப் படித்தால் குற்றம் சொல்ல முடியாது. நாலு வருஷமாகச் சும்மா கிடந்த மறதிக்கு அன்றைக்கு உயிர் வந்துவிட்டது.

சமையலறைச் சுவரில் பழைய வயர் ஒன்று மின்சாரம் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் கவலைப்படுவதில்லை. ஒருநாள் புது எலக்ட்ரீஷியன் வந்து மெயின் போர்டை ஒழுங்காக மாற்றிக் கட்டுவார். பழைய வயரிலும் கரன்ட் வந்துவிடும். தப்பு யாருடையது? கழற்றாமல் விட்டவருடையதா, சுத்தமாகக் கட்டியவருடையதா? சாஃப்ட்வேரில் பெரிய ஓட்டைகள் பல இப்படித்தான், இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில் உண்டாகின்றன.

லாக் ஃபைலில் எட்டு பைட் போனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அதே வழியில் வேறு ஃபைலில் எழுதினால்? கம்ப்யூட்டரில் யார் யார் யூசர், யார் எஜமானன் என்று குறித்து வைத்த ஃபைல் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எஜமானன் மட்டும்தான் திருத்தலாம். சாதாரண யூசர் ஒருவர் அதில் நாலு எழுத்தை மாற்றிவிட்டால் அவரே எஜமானன். ஒரே சர்வரில் நூறு பேர் வெப்சைட் வைத்திருந்தால், அதில் ஒருவர் மற்ற தொண்ணூற்றொன்பது பேரின் வீட்டுக்குள்ளும் போய் வரலாம். வேலை முடிந்ததும் மெஷினை அணைத்துப் போட்டால், டிஸ்கில் அந்த மாற்றத்தின் சுவடே இருக்காது.

கெல்லர்மன் இதையும் சோதித்தார். பைப்பின் எல்லா அட்டையிலும் வேண்டுமென்றே சீட்டைச் செருகி, காலி செய்து, பிறகு வேண்டிய ஃபைலைச் செருகினால் போதும். அதிர்ஷ்டம் தேவையில்லை, காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வேலை செய்தது.

இந்த மாதிரி ரகசியத்துக்கு வெளியே விலை உண்டு. வாங்குகிறவர்களும் உண்டு. அவர் மறுநாளே, பிப்ரவரி 20ல், லினக்ஸ் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். என்ன தப்பு, எப்படிச் சுரண்டலாம், எப்படி அடைக்கலாம் மூன்றும் ஒரே கடிதத்தில். அதற்கடுத்த நாள் கூகுளின் பிக்ஸல் 6 போனிலும் இதைச் செய்து பார்த்து, ஆண்ட்ராய்ட்காரர்களுக்கும் சொன்னார்.

அடைப்பு எவ்வளவு பெரியது தெரியுமா? இரண்டு வரி. 'சீட்டைப் பூஜ்யமாக்கு' என்கிற ஒரே வரி, இரண்டு இடத்தில். அட்டையை மறுபடி எடுக்கும்போது பழைய சீட்டைக் கழற்று என்று அர்த்தம்.

இந்த இரண்டு வரியை வெளியிடுவதிலும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. லினக்ஸ் திறந்த புத்தகம். அடைப்பைப் போட்டால் எல்லோரும் பார்க்கலாம். கெட்டிக்காரத் திருடன், கதவில் புதுத் தாழ்ப்பாள் போட்ட இடத்தைப் பார்த்தே பழைய கதவுகள் எங்கே பலவீனம் என்று கண்டுபிடித்துவிடுவான். போடாமலும் இருக்க முடியாது. அதனால் முதலில் அபாயத்தைப் பற்றி மூச்சுவிடாமல் அடைப்பை மட்டும் கொடுத்தார்கள். பிப்ரவரி 23ல் 5.16.11, 5.15.25, 5.10.102 என்று மூன்று திருத்திய பதிப்புகள் வந்தன. மறுநாள் கூகுள் ஆண்ட்ராய்ட் கெர்னலில் சேர்த்துக்கொண்டது. மார்ச் 7ம் தேதிதான் கெல்லர்மன் முழுக் கதையையும் ஊருக்குச் சொன்னார். டர்ட்டி பைப் என்று பெயர் வைத்தார். அழுக்குக் குழாய்.

ஏப்ரல் மாதமே அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, நிஜத் தாக்குதல்களில் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதாவது இரண்டு வரி எழுதி முடித்த பிறகும் ஆபத்து தீரவில்லை. அடைப்பு கெர்னலில் இருக்கிறது. அது என் மெஷினுக்கு வந்தாக வேண்டும். சர்வர் என்றால் பொறுப்பானவர் அப்டேட் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். போன் என்றால் கூகுள் கொடுத்து, போன் கம்பெனி தன் மாடலுக்கு ஏற்றபடி தைத்து, பிறகு நாம் 'சரி' என்று அழுத்த வேண்டும். இதில் ஒரு தமாஷ்: 5.8க்கு முந்தைய கெர்னல் வைத்திருந்த பழைய போன்களுக்கு இந்த ஓட்டையே கிடையாது. கடன் வாங்கிப் புத்தம்புது மாடல் வாங்கியவர்தான் மாட்டினார்.

அடைப்பே ஓட்டையாக இருப்பதும் உண்டு. 2016ல் டர்ட்டி கவ் என்று இதற்கு அண்ணன் ஒருவன் அகப்பட்டான். அதுவும் படிக்க மட்டும் அனுமதியுள்ள இடத்தில் எழுத வைக்கும் கோளாறுதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005லேயே அடைக்கப் பார்த்திருக்கிறார். சரியாக அமையவில்லை, அதை 2016ல் அவரே எழுதிவைத்தார். அந்த 2016 அடைப்பிலும், பெரிய அளவு மெமரிப் பக்கங்கள் விஷயத்தில் ஒரு குறை இருப்பது 2017ல் தெரிந்தது. மறுபடி அடைத்தார்கள்.

டர்ட்டி பைப்புக்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. கெர்னலை எழுதிய சி மொழி, மெமரியில் ஓர் இடத்தைக் கொடுக்கும்போது பெருக்கித் துடைத்துக் கொடுப்பதில்லை. முன்பு குடியிருந்தவரின் ஆணி, காலண்டர் எல்லாம் சுவரில் அப்படியே இருக்கும். துடைப்பது புரோகிராமரின் பொறுப்பு. கோடிக்கணக்கான வரிகளில் ஓர் இடத்தில் மறந்தால் போதும். இந்த விஷயங்களில் கண்டிப்பான ரஸ்ட் என்ற மொழியை 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள் அனுமதித்திருக்கிறார்கள். நல்லதுதான். பழைய வீடு ஒரே நாளில் மாறாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். 2021 ஏப்ரலில் கெல்லர்மன் சரிபார்ப்பு எண்ணைக் கையால் திருத்தினார். அதுவும் ரிப்பேர்தான். வாடிக்கையாளருக்கு ஃபைல் திறந்தது, புகார் முடிந்தது. 2022 பிப்ரவரியில் இரண்டு வரி எழுதினார். அதுவும் ரிப்பேர். கையெழுத்தின் நீளத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். முதலாவது ஒரு ஃபைலை மட்டும் காப்பாற்றியது. இரண்டாவது உலகத்தில் எத்தனையோ மெஷின்களை, அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாமல் காப்பாற்றியது. நடுவில் இருந்தது பத்து மாதமும், 'ஏன் எப்போதும் மாதக் கடைசி?' என்று ஒருவர் நிறுத்திக் கேட்ட கேள்வியும்தான். நம் ஆபீஸ்களில் புகாரை முடித்துவைத்தவருக்குத்தான் மார்க். இரண்டாவது தடவை அதே புகார் வந்தபோது முதல் புகாரின் ஃபைலைத் தூசி தட்டி எடுத்தவருக்கு மார்க் போட ஒரு காலமே இல்லை.

போனில் அப்டேட் இருக்கிறது என்று வந்தால் 'பிறகு' என்று தள்ளிவிடுகிறோம். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுச் சரி என்று அழுத்திவிட்டுத் தூங்குங்கள். காலையில் போன் பார்க்க அப்படியே இருக்கும், புதுசாக ஒன்றும் தெரியாது. உள்ளே எங்கேயோ ஓர் அட்டையிலிருந்து பழைய சீட்டு ஒன்றைக் கழற்றியிருப்பார்கள்.